வெறும் விரல்

2022ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் என் கலியாண மோதிரத்தை அடைவு வைத்தேன். தந்தையாருக்கு வேண்டிய மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை, வெளியிலே வாங்கவேண்டியிருந்தது. ரூபாயின் பெறுமதி நாள்தோறும் சரிந்துகொண்டிருந்த அக்காலத்தில் எத்தனையோ ஆசிரியர் குடும்பங்கள் இதையே செய்தன. ஆகவே இதனைத் தனிப்பட்டதொரு சோகமாக எடுத்துரைக்க நான் விரும்பவில்லை. நான் கூறவந்தது மோதிரம் போன பின்னர் நடந்தவற்றைப் பற்றியே.

அடைவு பிடிக்குமிடத்தில் இருந்த இளைஞர் மோதிரத்தை வாங்கி உரைகல்லில் ஒருமுறை தேய்த்தார். அமிலம் ஒரு துளி விட்டுப் பார்த்தார். பின்னர் தராசில் வைத்தார். மோதிரத்தின் உட்புறத்தில் என் கணவரின் பெயரும் எங்கள் எழுத்து நடந்த திகதியும் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை அவர் படித்ததாகத் தெரியவில்லை. நிறையை மட்டும் குறித்துக்கொண்டார். ஏழு ஆண்டுகளாக என் விரலில் இருந்த பொருளிலிருந்து அதன் அர்த்தமெல்லாம் கழன்று, மூன்றரைக் கிராம் பொன் மட்டும் எஞ்சி நின்றதைக் கண்டேன். உண்மையைக் கூறுவதானால், அவ்வேளையில் எனக்கு வருத்தம் தோன்றவில்லை.

வருத்தம் திங்கட்கிழமை பாடசாலையில் வந்தது. ஆசிரியர் அறையில் கால் வைத்ததும், "என்ன ரீச்சர், விரல் வெறுமையாக் கிடக்குது?" என்று ஒருவர் கேட்டார். மதிய இடைவேளையில் மூத்த ஆசிரியை ஒருவர் என்னைத் தனியே அழைத்து, வீட்டில் எல்லாம் சுகந்தானா என்று மிகுந்த பரிவோடு விசாரித்தார். வெள்ளிக்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி கொப்பியைத் திருத்தக் கொடுத்தபடியே என் கையை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கிழமைக்குள் என் இல்வாழ்க்கை பலருடைய கவலைக்குரிய விடயமாகிவிட்டது.

"கணவருடைய மோதிரத்தை வைத்திருக்கலாமே" என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அது மூன்று மாதங்களுக்கு முன்னரே போய்விட்டது. அவரும் ஆசிரியர், இன்னொரு பாடசாலையில் கணிதம் கற்பிப்பவர். மாசி மாதத்திலிருந்து அவருடைய விரலும் வெறுமையாகத்தான் இருந்தது. அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. கவனித்தவர் எவரேனும் இருப்பின், கேட்கவில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேட முற்பட்டேன். தமிழ் படித்தவளாதலால் முதலில் நம் நூல்களிடமே சென்றேன். இராமகாதையில் அனுமன் கொண்டுசெல்லும் கணையாழி மணச்சின்னமன்று. தூதன் மெய்யானவன் என்று காட்டும் அடையாளம். அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே ஒரு திருமணம் முழுமையாக வருணிக்கப்படுகின்றது. உழுந்துப் பொங்கல் உண்டு, மணல் பரப்பிய பந்தர் உண்டு, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் நீர் சொரிந்து வாழ்த்துதலும் உண்டு. மோதிரம் இல்லை, தாலியைப் பற்றியும் பேச்சில்லை. இன்று சைவ வீடுகளிலும் எழுத்தன்று நிகழும் மோதிர மாற்றம் ஐரோப்பியரிடமிருந்தும் தேவாலயத் திருமணங்களின் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்ததொன்று. வந்த வழக்கு என்பதனால் அதை இழிவாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் எந்த மூட்டையோடு வந்தது என்பதை அவிழ்த்துப் பார்த்தல் தகும்.

உரோமர் தாம் மணம் பேசிய பெண்ணுக்கு மோதிரம் அனுப்பினர். தம் காலத்திலும் கல் பதியாத இரும்பு மோதிரமே அனுப்பப்பட்டது என்று முதலாம் நூற்றாண்டினரான பிளினி எழுதியிருக்கிறார். அனுப்பியவன் ஆண், அணிந்தவள் பெண். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி. இடக்கையின் நாலாம் விரலிலிருந்து ஒரு மெல்லிய நரம்பு நேரே இதயத்துக்குச் செல்கின்றது என்ற நம்பிக்கையும் பழையதே. உடற்கூற்று அறிஞர் அந்த நரம்பைத் தேடிக் காணவில்லை. விரல் மட்டும் மாறவில்லை. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலும் ஒரே மோதிரத்தையே பேசுகின்றது: மணமகன் மணமகளின் விரலில் இடுவது. மறுமோதிரம் அதில் இல்லை. மேலைநாட்டு ஆண்கள் பெருந்தொகையாக மணமோதிரம் அணியத் தொடங்கியது இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேதான். ஆகவே என் கணவரின் மோதிரம் நேற்றுப் பிறந்தது. என்னுடையதற்கோ ஈராயிரம் ஆண்டு வயது. ஆசிரியர் அறையின் கண்களுக்கு இந்தச் சரித்திரம் தெரியாவிட்டாலும், அக்கண்களைப் பழக்கியது இச்சரித்திரமே.

நிச்சயதார்த்த மோதிரத்தில் வைரம் இருத்தல்வேண்டும் என்ற எண்ணத்தின் வரலாறு இன்னும் அண்மையது. தென்னாபிரிக்காவின் கிம்பர்லியில் வைரம் வெள்ளமாகக் கிடைத்தபோது விலை வீழ்ந்துவிடும் என்ற அச்சம் முதலாளிகளைப் பிடித்தது. 1888இல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை ஒன்றாக்கி டி பியர்ஸ் நிறுவனத்தை அமைத்தார். கிடைப்பதைக் கட்டுப்படுத்தி விலையைக் காத்தார். ஆபிரிக்கத் தொழிலாளர் ஒப்பந்தக் காலம் முழுவதும் வேலியிட்ட அடைப்புகளுக்குள் வைக்கப்பட்டனர். வெளியேறுமுன் நிர்வாணமாக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். பிற்காலத்தில் அக்கல்லுக்குக் காதலை உடுத்தும் பொறுப்பை அமெரிக்க விளம்பர நிறுவனமொன்று ஏற்றது. வைரம் என்றென்றைக்கும் உரியது எனும் பொருள்பட்ட புகழ்பெற்ற வாசகத்தை 1947இல் எழுதியவர் அங்கே வேலைபார்த்த பிரான்சிஸ் ஜெரெட்டி என்ற பெண். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. 1967இல் ஜப்பானிய மணப்பெண்களில் நூற்றுக்கு ஐவரளவிலேயே வைர மோதிரம் பெற்றனர். 1981இல் அத்தொகை ஏறக்குறைய அறுபது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு "மரபு" உற்பத்தியாகிவிட்டது!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1981இல் டயானாவின் விரலில் இடப்பட்ட நீலக்கல் இலங்கைக் கல்லென்பர். என் முதல் நியமனம் இரத்தினபுரி மாவட்டத்தில். அங்கே என் மாணவனொருவனின் தந்தை மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். மரக்குற்றிகளை அடுக்கி, இடையிலே பன்னத்தழையைச் செருகி இறங்கும் குழி அது. நீரை ஓயாது இறைக்கவேண்டும். நிரந்தரச் சம்பளம் கிடையாது. சாப்பாடும் சிறு செலவுக் காசும் மட்டும். கல் கிடைத்தால் நிலச் சொந்தக்காரர், முதலிட்டவர், யந்திரம் கொடுத்தவர் ஆகியோருக்குப் பங்கு போக, எஞ்சியதைக் குழியில் இறங்கியவர்கள் பிரித்துக்கொள்வர். ஒருநாள் அவரைச் சந்தித்தபோது அவர் மனைவியும் உடன் நின்றார். அந்த அம்மையாரின் கழுத்தில் மஞ்சட் கயிறு இருந்தது. விரல்களில் எதுவும் இல்லை. அதை அப்போது நான் கவனித்தேன் என்பதை இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது. என் கண்களும் அதே பள்ளியில் படித்தவையே.

அரசுகள் மோதிரத்தை நாடியதுமுண்டு. அபிசீனியா மீது முசோலினி படையெடுத்தபின், 1935ஆம் ஆண்டு மார்கழி 18ஆந் திகதி இத்தாலியப் பெண்கள் தம் மணமோதிரங்களைத் தேசத்துக்கு ஈந்தனர். இத்தாலிய மொழியில் விசுவாசத்துக்கும் மணமோதிரத்துக்கும் சொல் ஒன்றே. அந்நாளுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. உரோமாபுரியில் அரசியார் முதலில் இட்டார். விதவைகளும் ஏழைப் பெண்களும் வரிசையில் நின்றனர். பொன்னை உருக்குவதற்கு எடுத்துக்கொண்டு இரும்பு வளையமொன்றைக் கையில் கொடுத்தனர். கணவனுக்குரிய விசுவாசம் ஒரு காலைப்பொழுதில் ஆட்சிக்குரியதாக மாற்றப்பட்டது. பிளினி கண்ட இரும்பு திரும்பிவந்தது போலும்! பிரசியாவிலும் 1813இல் பொன்னுக்கு இரும்பு கொடுத்த கதை உண்டு.

இதை வாசித்த இரவு நான் அம்மாவிடம் ஒன்றைக் கேட்டேன். 1990இல் யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டு பவுன் கேட்கப்பட்டபோது நான் கைக்குழந்தை. அம்மா தமது காப்பையும், எழுத்தன்று அப்பா இட்ட மோதிரத்தையும் கொடுத்தார். "விரும்பித்தான் குடுத்தனீங்களோ, பயத்திலையோ?" என்று கேட்டேன். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். "ரெண்டும்தான், பிள்ளை. எது கூட எண்டு இப்ப எனக்குத் தெரியாது" என்றார். கொடுத்ததற்கு ஒரு துண்டு தந்தார்களாம். அதை அலுமாரிக்குள் ஐந்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது, அது எங்கோ தவறிவிட்டது. மோதிரத்தைக் காட்டிலும் அத்துண்டைப் பற்றியே அம்மா அதிகம் பேசுவார்.

இத்தனையும் அறிந்தபின் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தானே வேண்டும். அடுத்த ஆண்டு தவணை முடிந்து ஏல அறிவித்தல்கள் வந்தன. முன்னையது அவருடையது, பின்னையது என்னுடையது. இரண்டையும் மீட்கப் பணம் போதாது. ஒன்றை மீட்கலாம். எதை மீட்பது என்று நாங்கள் கலந்துபேசவேயில்லை. அவர் என் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை. வகுப்பிலே சமத்துவம் பேசுகின்றவள், ஆசிரியர் அறையின் வாயை அடைக்க மூன்றரைக் கிராமை மீட்டுக்கொண்டேன். அவருடைய மோதிரம் ஏலத்தில் போயிற்று.

அதை அணிந்து சென்ற அன்று மூத்த ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "இப்பதான் பார்க்க நல்லாயிருக்கு" என்றார். நானும் சிரித்தேன்.

மாலையில் அம்மா என் கையைப் பிடித்து, மோதிரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார்.

"மருமோன்ரை மோதிரத் துண்டு எங்கை?"

"அது ஏலத்திலை போட்டுதம்மா. இனித் துண்டு என்னத்துக்கு?"

"இருக்கட்டும். எறியாதை" என்றார் அம்மா.