ஒரு நம்பர் சொல்லுங்க சார்!

ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் ஆறேகாலுக்கு ஆரம்பிக்கும். மைக்கை இரண்டு தட்டு, ஒரு 'ஹலோ', இறைவணக்கம். 'சுருக்கமாக வரவேற்கிறேன்' என்று சொல்லிவிட்டுச் செயலாளர் பதினைந்து நிமிடம் பேசுவார். பிறகு சிறப்புப் பேச்சாளர், பொன்னாடை, கேள்வி நேரம், காபி. 'உலகப் பொருளாதாரச் சவால்களும் இந்தியாவும்' என்கிற மாதிரியான தலைப்பில் சென்னையில் எங்காவது ஒரு ஹாலில் கூட்டம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ, நான் நிறையப் போயிருக்கிறேன். கீழே உட்கார்ந்தும், மேலே உட்கார்ந்தும்.

2025 செப்டம்பரில் மயிலாப்பூரில் அப்படி ஒரு கூட்டம். இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் 25 பொதுவாக நமக்கு. அடுத்த 25, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக, ஆகஸ்ட் 27லிருந்து. அதே பனியனை வங்கதேசத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ அனுப்பினால் அப்போது 20தான். ஹாலில் நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து பெஞ்ச் கொண்டுவந்து போட்டார்கள்.

பேச்சாளர் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகவே பேசினார். 2022இல் உக்ரைனில் குண்டு விழுந்ததும் நம் அடுக்களையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏன் ஏறியது என்றார் (நாம் வாங்கியதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது). செங்கடலில் ஹூதிகள் 2023 கடைசியில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் தாமதமாகப் போன கதையைச் சொன்னார். எல்லாம் சரி. யாரும் தூங்கவில்லை. அந்த வயதுக் கூட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். ஓர் அம்மாள் சீட்டுத் தராமல் எழுந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"என் பையன் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கான் சார். அமெரிக்கா ஆர்டர் எல்லாம் நின்னுபோச்சு. ரெண்டு மாசமா பாதிச் சம்பளம். வேற வேலை தேடச் சொல்லட்டுமா, பொறுத்துக்கச் சொல்லட்டுமா?"

பேச்சாளர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். 'எனக்குத் தெரியாதும்மா' என்பது அவர் தொண்டை வரை வந்ததையும் பார்த்தேன் என்று சத்தியம் செய்யத் தயார். ஆனால் மேடையில் இருக்கிறார், பொன்னாடை தோளில் இருக்கிறது, முந்நூறு பேர் பார்க்கிறார்கள்.

"மார்ச்சுக்குள்ள எல்லாம் சரியாயிடும்மா. எழுதி வெச்சுக்குங்க" என்றார்.

அந்த அம்மாள் நிஜமாகவே அழைப்பிதழைத் திருப்பி, பேனா கேட்டு வாங்கி, எழுதிக்கொண்டார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காபிக்கு நிற்காமல் வந்துவிட்டேன். காரணம் சொல்வதற்கு முன்னால், இந்த மாதிரிக் கூட்டங்களில் எனக்குப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் பம்பாயில் ஒரு வங்கியில் குமாஸ்தா. பட்ஜெட் வந்த சில நாளில் ஆபீஸே காலியாகும். எல்லாரும் சர்ச்கேட் பக்கம் பிரேபோர்ன் ஸ்டேடியத்துக்கு. கிரிக்கெட் பார்க்க அல்ல, நானி பல்கிவாலா பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்க. 1958இல் ஒரு ஓட்டல் ஹாலில் சின்னக் கூட்டமாக ஆரம்பித்தது அது. கூட்டம் பெருகிப் பெருகி, கடைசியில் கிரிக்கெட் மைதானம்தான் தாங்கும் என்றாகிவிட்டது. 1994 வரை பேசினார். கையில் ஒரு காகிதம் இருக்காது. வரி விகிதம், செக்‌ஷன் நம்பர், போன வருஷத்துக் கணக்கு எல்லாம் தலையிலிருந்து வரும். சின்ன வயதில் திக்குவாயாக இருந்தவர் என்று யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மைதான்.

வரியைப் பற்றிப் பேசினால் எதற்கு இத்தனை கூட்டம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. 1973-74இல் உச்சத்தட்டு வருமானத்துக்கு, சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து, 97.75 சதவிகிதம் வரி. நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய் கைக்கு. எனக்கு அந்தத் தட்டெல்லாம் எட்டாத உயரம். ஆனாலும் ஒரு மனிதர் சர்க்காரின் காகிதத்தைப் பிரித்து, 'இதோ பார், இதில் உனக்கு என்ன எழுதியிருக்கிறது' என்று காட்டுகிறார் என்பதில் ஒரு போதை இருந்தது. அவர் கருத்துக்கள் எல்லாமே எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். யூனியனில் இருந்தவன் நான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் பேசியது, பெரும்பாலும், ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஒன்றைப் பற்றி.

நான் அதைக் கவனிக்கவில்லை. கைதட்டலைத்தான் கவனித்தேன்.

பதவி உயர்வு வந்து, அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு மாறி, கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தேன். டாலர், யென் என்று பேசத் தெரிந்தவன், அதையும் தமிழில் பேசத் தெரிந்தவன் என்று பெயராகிவிட்டது. கூட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

2007 நவம்பர். திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம். அந்த வருஷம் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்துகிறேன். ஜனவரியில் ஒரு டாலருக்கு 44 ரூபாய். நவம்பரில் 39 சொச்சம். ரூபாய் பலமாகிறது என்று டெல்லியில் பெருமைப்பட்டார்கள். திருப்பூரில் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஒரு லட்சம் டாலருக்குப் பனியன் அனுப்பினால் ஜனவரிக் கணக்குக்கு 44 லட்சம். நவம்பரில் 39 லட்சம். நூல் வாங்கியது ரூபாயில், சாயப்பட்டறைக்குக் கொடுத்தது ரூபாயில், தையல்காரருக்கு பீஸ் ரேட் ரூபாயில். லாபமே நூற்றுக்கு ஆறு, ஏழு நிற்கிற தொழிலில் ஐந்து லட்சம் எங்கிருந்து வரும்?

ஒரு மணி நேரம் பேசினேன். படம், வரைகோடு எல்லாம் காட்டினேன். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்தார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மடித்த டைரி.

"நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுதுங்க. ஆனா ஒரு நம்பர் சொல்லுங்க சார். எது வரைக்கும் போகும்?"

எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த அமைதி இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. உங்களை மேடையில் நிற்கவைத்து அப்படி இருநூறு பேர் மௌனமாகப் பார்த்தால் நீங்களும் ஏதாவது சொல்லிவிடுவீர்கள்.

"முப்பத்தஞ்சு" என்றேன்.

மண்டபம் முழுக்கப் பேனா மூடி கழற்றுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் நடந்தது இதுதான். திருப்பூர், கோவைப் பக்கம் பல வங்கிகள் ஒரு புது மாதிரிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்போர்ட்டர்களிடம் போயின. 'டெரிவேட்டிவ்' என்று பெயர். டாலர் விழுந்தால் நஷ்டம் வருமே என்கிற பயத்துக்கு மருந்து. வரப்போகிற டாலருக்கு இன்ன விலை என்று இன்றே பேசி முடித்துக்கொள்கிற ஃபார்வர்ட் கான்ட்ராக்ட் என்று ஒன்று உண்டு. அது யோக்கியமான சமாச்சாரம், இன்ஷூரன்ஸ் மாதிரி. இது வேறு. ஒரு டாலருக்கு இத்தனை சுவிஸ் ஃப்ராங்க் என்ற கணக்கு ஒரு கோட்டுக்குக் கீழே போகாதவரை உங்களுக்கு லாபம். போனால் நீங்கள் வங்கிக்குக் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்கு மேல்வரம்பு இருக்காது. திருப்பூரில் ஜட்டி பனியன் தைக்கிறவருக்கும் சுவிஸ் ஃப்ராங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

2008 மார்ச்சில், சரித்திரத்திலேயே முதல் முறையாக, ஒரு டாலருக்கு ஒரு சுவிஸ் ஃப்ராங்க்கூடக் கிடைக்காத நிலைமை வந்தது. கோடு போன இடம் தெரியவில்லை. பல பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011இல் ரிசர்வ் வங்கி, விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. அதிகபட்சம் 15 லட்சம். வங்கிக்கு அது ஒருநாள் காபிச் செலவு.

என் வங்கி அந்தப் பத்திரத்தை விற்கவில்லை. நானும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. இதைச் சொல்லித்தான் பல வருஷம் தூங்கினேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் 2009இல் என்னைத் தேடிக் கோவை ஆபீசுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. வங்கி அனுப்பிய நோட்டீஸைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். 43 லட்சம். இருந்தது முப்பது மெஷின், ஒரு சைட்.

"சுவிஸ்னா எனக்கு வாட்சும் சாக்லேட்டும்தான் தெரியும்ங்க. ஆனா முப்பத்தஞ்சு வந்துட்டா கடையை மூடோணுமேன்னு பயந்து போட்டுட்டனுங்க. நீங்க சொன்னீங்கள்ல" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. 'நேற்று மழை பெய்ததுங்க' என்பது மாதிரி சொன்னார்.

இதில் கொடுமை என்னவென்றால், டாலர் 35க்குப் போகவே இல்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் விழுந்தது. வருஷம் முடிவதற்குள் டாலர் 50ஐத் தொட்டது. எந்தப் பேச்சையும் கேட்காமல், எதிலும் கையெழுத்துப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் என்னை யாரும் மேடையிலிருந்து இறக்கவில்லை, கவனியுங்கள். அதே 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் போனபோது, 200 போகும் என்று உலகத்துப் பெரிய தலைகளே சொன்னார்கள். டிசம்பரில் 40க்குக் கீழே வந்தது. அவர்களையும் யாரும் இறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அடுத்த நம்பர். பஞ்சாங்கத்தில் மழை பொய்த்தால்கூட ஊர் சிரிக்கும். எங்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

மயிலாப்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரி, பழைய சகா ஒருவரிடம் நம்பர் வாங்கி, மறுநாள் அவருக்கு போன் செய்தேன். பதினாறு வருஷம் கழித்து. சைட் போய்விட்டது. முப்பது மெஷின் பன்னிரண்டாகி, இப்போது ஜாப் ஒர்க் செய்கிறாராம். அமெரிக்க வரியால் பாதி மெஷின் சும்மா நிற்கிறதாம். ஊர்க் கதை கொஞ்சம் பேசினோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியில் கேட்டே விட்டேன்.

"அந்த முப்பத்தஞ்சு..."

"அட, விடுங்க சார். டைரி இன்னும் கிடக்குது. அதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டது நாந்தானுங்களே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே கேட்டார்: "டாலர் இப்ப எம்பத்தெட்டுங்கறாங்க. இன்னும் ஏறுமுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"செரிங்க. நூல் வாங்கோணும், அதுக்குத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அக்டோபரில் தாம்பரம் பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் கூப்பிட்டார்கள். 'வரி யுத்தமும் நாமும்.' போனேன். வரி என்றால் யார் கட்டுவது, வங்கதேசத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் பனியன் ஒன்றுக்கு என்ன ஆகிறது, ஆர்டர் எங்கே போகும், திரும்பி வர எதெல்லாம் நடக்க வேண்டும் என்று தெரிந்ததை எல்லாம் சொன்னேன். திருப்பூர்க் கதையையும் சொன்னேன், என் பங்கோடு. எப்போது சரியாகும் என்று ஒருத்தர் கேட்டார். தெரியாது என்றேன். மறுபடியும் அந்த மின்விசிறிச் சத்தம். முன்வரிசையில் திறந்த பேனாவை ஒருவர் மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். செயலாளர் அவசரமாக எழுந்து நன்றியுரைக்குப் போய்விட்டார்.

காபி கொடுக்கிற இடத்தில் ஒரு பெரியவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். தங்கம் பவுன் 90,000த்தைத் தாண்டியிருந்த சமயம் அது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடையில சொல்ல முடியாது, புரியறது. பேத்திக்குத் தை மாசம் கல்யாணம். எனக்கு மட்டும் சொல்லுங்கோ, இப்பவே வாங்கிடலாமா?"