ஆயில் மூடிக்குள் ஒரு பழைய கடன்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயின்ட். அப்புறம் டயர், சீட் கவர், ஏசி. கொஞ்சம் விவரமான ஆள் என்றால் ஆர்.சி. புக்கை வாங்கி எத்தனையாவது ஓனர் என்று பார்ப்பார், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பார். பானெட்டைத் தூக்கி, இன்ஜின் மேலே இருக்கிற ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்க்கிறவர்கள் ரொம்ப அபூர்வம்.

ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்த வண்டி என்றால் மூடியின் அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிசாக ஆயில் ஒட்டியிருக்கும். கவனிக்காமல் விட்ட வண்டி என்றால் கருப்பட்டிப் பாகு ஆறிப்போன மாதிரி ஒரு கறுப்புப் பசை. இதைத்தான் மெக்கானிக்குகள் ஸ்லட்ஜ் என்கிறார்கள்.

இது எப்படி வருகிறது? இன்ஜின் சூட்டில் ஆயில் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். பிஸ்டன் ஓரமாகக் கசிந்து வருகிற புகை, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதில் போய்க் கலக்கும். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆயிலிலேயே சில ரசாயனங்கள் சேர்த்திருக்கிறார்கள். அவையும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் அழுக்கு கட்டி கட்டியாகப் படிய ஆரம்பித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "டாக்டர் வச்சிருந்த வண்டி அண்ணாச்சி, லோக்கல் மட்டும்தான், லாங்கே போனதில்ல" என்று புரோக்கர் பெருமையாகச் சொல்வார். உண்மையில் லாங் போகாததுதான் பிரச்னை. பாளையங்கோட்டையில் கிளம்பி சுலோசன முதலியார் பாலம் தாண்டி ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் முழுசாகச் சூடாகக்கூட நேரமிருக்காது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். பெரும்பாலான பெட்ரோல் கார்களின் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முந்தியோ அப்போது ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் "இன்னும் பத்தாயிரம் ஆகலையே" என்று மூன்று வருஷம் அப்படியே விட்டிருப்பார். 'எது முந்தியோ' என்பதைப் படித்திருக்கவே மாட்டார்.

இன்னொரு வகை சேறும் இந்தப் பக்கம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தெருவில் நின்ற கார்கள் தண்ணீரில் முங்கின. அப்படி முங்கிய வண்டியின் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயில் கறுப்பாக இருக்காது, பால் ஊற்றிய காப்பி மாதிரி இருக்கும். அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துக்கொண்டு போய் ஆயிலை இறக்கியிருந்தால் பிழைத்திருக்கும். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருகியிருந்தால் இன்ஜின் செலவு பெரிசு. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பைசா கிடைக்காது. அப்புறம் என்ன செய்வார்? கழுவித் துடைத்து, பாலீஷ் போட்டு விற்கத்தான் பார்ப்பார்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஜார்ஜ் ஏகர்லாஃப் ஞாபகத்துக்கு வருவார். பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து அவர் எழுதிய கட்டுரை 1970-ல் வெளிவந்தது. 2001-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கினார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். வண்டியைப் பற்றி விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிகள்.

கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுத இடம் இருக்கிறது. முந்தின ஓனர் ஆயில் மாற்றாமல் மிச்சம் பிடித்த பணத்தை எழுத இடமே இல்லை. அந்த மிச்சம்தான் ஸ்லட்ஜாக வண்டியோடு சேர்ந்து கைமாறுகிறது. கடன் வாங்கியவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர்.

சரி, வாங்கியாகிவிட்டது. எப்படி எடுப்பது? பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆயிலை இறக்கிவிட்டு டீசலை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட விடுவார்கள். இப்போது டப்பாவில் வருகிற ஃபிளஷ் திரவங்களும் இருக்கின்றன. பழைய ஆயிலோடு கலந்து, சில நிமிஷம் ஐடிலில் ஓட விட்டு இறக்க வேண்டும். லேசான அழுக்குக்கு ஃபிளஷ் சரி. கெட்டியாகப் படிந்த இன்ஜினில் இரண்டுமே ஆபத்து. டீசலுக்கு ஆயில் அளவுக்குத் தேய்மானம் தடுக்கும் சக்தி கிடையாது. அதோடு, வருஷக்கணக்கில் ஒட்டியிருந்த கட்டி ஒரேயடியாகப் பெயர்ந்து வந்து ஆயில் சேம்பருக்குள் இருக்கிற சல்லடையை அடைக்கும். வெள்ளத்தில் வருகிற செத்தை மடையை அடைக்கிற மாதிரிதான். பம்ப்புக்கு ஆயில் ஏறாது, பேரிங் தேய்ந்து இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

விவரமான மெக்கானிக் அவசரப்பட மாட்டார். "மேலயும் கீழயும் கழட்டிப் பார்த்துருவோம் அண்ணாச்சி" என்பார். மேலே வால்வு கவர், கீழே ஆயில் சேம்பர். கட்டியாக இருப்பதைக் கையால் வழித்து எடுத்து, சல்லடையைக் கழுவி, புதுக் கேஸ்கெட் போட்டு மூடுவார். உள்ளே காற்றை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா என்றும் பார்ப்பார், அது அடைத்திருந்தால் ஸ்லட்ஜ் திரும்ப வரும். அப்புறம் நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு ஆயிரம் கிலோமீட்டரில் வரச் சொல்வார். மறுபடி மாற்றி, மறுபடி ஆயிரம். இப்படி இரண்டு மூன்று தடவை. மீதி அழுக்கை ஆயிலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். வெள்ளம் புகுந்த இன்ஜினுக்கு இது போதாது, முழுசாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இறக்கிய ஆயில் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போகும். இரண்டு மாவட்டத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஆறு அது. கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போய்ச் சேர்வதுதான் முறை.

முதல் கார் வாங்குகிற குடும்பம் அதை ஷோவுக்காக வாங்குவதில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து நடுராத்திரி அப்பாவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் கையில் ஒரு வண்டி இருக்கட்டும் என்றுதான் சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்குகிறார்கள். அந்த வண்டி பத்தமடைப் பக்கம் ஆயில் லைட் எரிந்து நின்றுவிட்டால், குறைந்த விலைக்கு வாங்கினோம் என்ற சந்தோஷத்தால் என்ன பிரயோஜனம்?

ஆகவே விலை பேசுவதற்கு முன்னால், இன்ஜின் ஆறியிருக்கும்போது அந்த மூடியைத் திறந்து பார்க்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பளபளவென்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், விற்பதற்கு முந்தின நாள் மாற்றியிருப்பார்கள். மூடியின் அடிப்பக்கத்தைத் துடைக்க யாருக்கும் தோன்றாது. அப்படியே துடைத்திருந்தாலும், ஆயில் மாற்றிய பழைய பில்களைக் கேட்டால் போதும். ஒழுங்காக வைத்திருந்தவர் எடுத்துக் காட்டுவார்.