கடலடியிலிருந்து வந்த வெண்கல மூக்கு

ஸிஸிலித் தீவின் மேற்குக் கோடியிலுள்ள திராபானித் துறைமுகத்தில் நாம் கப்பலேறிய அன்று கடல் குளம்போல் கிடந்தது. ஒரு மணி நேரத்திற்குள் பாவிஞானாத் தீவு வந்துவிட்டது. அங்கே முன்னாளில் சூரைமீனைத் தகரடப்பிகளில் அடைத்த பெரிய தொழிற்சாலை, இப்போது காட்சிசாலையாக விளங்குகிறது. நாம் தேடிச் சென்றது, கி.மு. 241-ஆம் ஆண்டில் இத்தீவுகளுக்கருகே நடந்த யுத்தத்தில் மூழ்கிய கப்பல்களின் வெண்கல மூக்குகளை. எதிரிக் கப்பலின் விலாவில் மோதிப் பிளப்பதற்காக முன்னணியத்தில் பொருத்தியவை அவை.

ரோமர்கள் தரைப்படையில் பேர்போனவர்களேயன்றிக் கடலோடிகள் அல்லர். கார்த்தேஜ் நகரத்தாரோ கடலிலேயே வளர்ந்தவர்கள். கரை தட்டி அகப்பட்ட கார்த்தேஜ் கப்பலொன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு ரோமர்கள் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களைக் கட்டினார்கள் என்று கிரேக்கச் சரித்திராசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். கப்பல்கள் தயாராகுமுன், ஆட்களைத் தரையில் வரிசை வரிசையாகப் பலகைகளில் உட்காரவைத்து, தண்ணீரில்லாமலே துடுப்பு வலிக்கப் பழக்கினார்களாம்! பெஞ்சிகளுக்கு முன்னால் நின்று பாடஞ்சொல்லியே காலங்கழித்த நமக்கு இந்த இடம் எவ்வளவு ருசித்தது என்று சொல்லவும் வேண்டுமா?

ஆயினும் சமுத்திரம் அவர்களைச் சும்மா விடவில்லை. கி.மு. 255-இல் அடித்த புயலில் 364 கப்பல்களில் 80 மட்டுமே மிஞ்சின என்பது பாலிபியஸின் கணக்கு. கி.மு. 249-இல், நாம் கப்பலேறிய அதே திராபானிக்கருகில், 93 கப்பல்களை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். கஜானா வறண்டது. அப்போது செல்வந்தர்கள், ஜயித்தால் திருப்பித் தந்தால் போதும் என்று பணங்கொடுத்து 200 கப்பல்கள் கட்டச் செய்தார்கள். அந்தக் கப்பற்படைதான் இங்கே வென்றது. கார்த்தேஜ் சமாதானத்துக்கு வந்தது.

இந்த நூற்றாண்டில் கடலடியிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட மூக்குகளை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு முழ நீளம். முனையில் மூன்று தகடுகள். பலவற்றில், இன்ன அதிகாரி பரிசோதித்து ஒப்புக்கொண்டார் என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. பரீக்ஷைத் தாளில் நாம் இடும் கையெழுத்தைப் போல! வென்றவர்கள் ரோமர்களாயிருக்க, மூழ்கியவற்றில் லத்தீன் எழுத்து எப்படி வந்தது? முன்பு பிடிபட்ட ரோமக் கப்பல்களிலேயே கார்த்தேஜியர் ஏறி வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

வெண்கலத்தைப் பரிசோதித்தவரின் பெயர் இருக்கிறது. துடுப்பு வலித்து மூழ்கியவர்களில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை. மோதலில் தகடு சிதைந்திருந்த ஒரு மூக்கின் முன் வெகுநேரம் நின்றுவிட்டோம்; திரும்பும் கப்பலுக்கு ஓடத்தான் வேண்டியிருந்தது.