நிரல்மொழி கற்போர்க்கு ஏற்ற நூல்கள்

தமிழ்த்துறை மலரில் கணினி நிரல்மொழியைப் பற்றிய கட்டுரையா என்று வியப்போர் இருக்கலாம். நூலின் தகுதியை ஆராய்வது தமிழாசிரியர்க்குப் புதிய தொழிலன்று. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த மரபு நம்முடையது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே நபிமொழியை ஏற்கும் மரபும் நம்முடையதே. ஆயினும், தமிழில் இணையதளம் அமைக்கும் ஆர்வத்தால் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியைக் கற்கப் புகும் நம் மாணவர்கள், நூலகத்தில் கைக்கு எட்டிய தடித்த புத்தகத்தை எடுத்துச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம்.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், இணையத்தில் இட்டிருந்த தம் தன்விவரப் பக்கத்தைப் பார்வையிடுவோரைக் கணக்கெடுப்பதற்காக 1994இல் எழுதிக்கொண்ட சிறு கருவிகளே இம்மொழியின் வித்து. 1995 ஜூனில் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். திட்டமிட்டு எழுப்பிய மாளிகையன்று இது. தேவை நேர்ந்தபோதெல்லாம் அறை அறையாக ஒட்டிக் கட்டிய கூட்டுக்குடும்ப வீடு. ஒரு தொடருக்குள் ஒரு சொல்லைத் தேடும் கட்டளைக்கு முதலில் வைக்கோற்போரையும் அடுத்து ஊசியையும் தருதல் வேண்டும். ஒரு பட்டியலுக்குள் தேடும் கட்டளைக்கோ ஊசி முன்னும் வைக்கோற்போர் பின்னுமாக வரும். ஊசியும் வைக்கோற்போரும் நாம் புனைந்த உவமைகள் அல்ல. அம்மொழியின் கையேடே அவ்வாறுதான் பெயரிட்டுள்ளது. இவற்றை நெட்டுருச் செய்தல் வீண் முயற்சி. வேண்டும்போது எடுத்துப் பார்க்க ஒரு நூல் அருகிருத்தல் வேண்டும்.

அத்தகைய நூல் நிகண்டு போன்றது. நிகண்டைக் கொண்டு அரிச்சுவடி கற்பார் உளரோ? தொடக்க மாணவன் ஆயிரம் பக்க நோக்கீட்டு நூலை முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி மூன்றாம் இயலில் சோர்ந்துபோகிறான். பாலபாடமாக ஒன்று, நிகண்டாக ஒன்று என இரண்டு தேவை. பாலபாடம் மெலிந்ததாக இருத்தல் நலம்.

இனிப் பதிப்பாண்டு. இலக்கிய நூலுக்குப் பழைமை பெருமை. நிரல்மொழி நூலுக்கோ அது பெருங்குறை. தரவுத்தளத்தோடு இணைவதற்கு முற்காலத்தில் வழங்கிய கட்டளைக் குடும்பம் ஒன்றைக் கைவிடுமாறு 2013இல் அறிவுறுத்தினர். 2015 டிசம்பரில் வெளிவந்த 7ஆம் பதிப்பில் அதனை அறவே நீக்கினர். அதற்கு முந்தைய நூலைப் பார்த்து ஒரு மாணவி எழுத்துப் பிசகாமல் தட்டெழுதினாலும் இன்றைய கணினி பிழை என்றே சொல்லும். நூல் அச்சேறியது, அதிலே பிழை இராது என்று அவள் நம்புகிறாள். ஆகவே பிழை தன் அறிவில் என்று முடிவு கட்டுகிறாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளை, இக்கல்வி நமக்கு எட்டாது என்று நூலை மூடிவிடுகிறது. நாம் அஞ்சுவது இதற்குத்தான்.

பிறவாத குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா நடந்த கதையும் உண்டு. பி.எச்.பி. 6ஆம் பதிப்பு வரப்போகிறதென்று, அப்பெயரைத் தாங்கிய நூல்கள் 2008 அளவிலேயே விற்பனைக்கு வந்தன. அப்பதிப்போ 2010இல் கைவிடப்பட்டது. 2014இல் அடுத்த பதிப்புக்குப் பெயரிட வாக்கெடுத்தபோது 6ஐ விடுத்து 7ஐத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள், அந்நூல்கள் விளைக்கும் குழப்பமும் ஒன்று!

அந்த 6ஆம் பதிப்பின் தலையாய நோக்கம், உலக மொழிகள் அனைத்திற்குமான யூனிகோடு முறையை மொழியின் உள்ளேயே அமைப்பது. அது கைகூடாமையால் தமிழ் எழுதும் நமக்கு இன்றும் தனிக் கவனம் தேவைப்படுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பொதுவான கட்டளையால் கேட்டால் 15 என்னும். அது எண்ணுவது பைட்டுகளை. பன்மொழிக்குரிய கட்டளையால் கேட்டால் 5 என்னும். புள்ளியையும் மேல்விலங்கையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த கணக்கு அது. நன்னூலார் வழியில் மூன்றெழுத்து என்று சொல்ல வேறொரு கட்டளை உண்டு. இம்மூன்றின் வேறுபாட்டைச் சொல்லாத நூல் பிறர்க்குப் போதும், நமக்குப் போதாது.

கடையிலே நின்றபடி நூலைச் சோதிக்க நாம் கையாளும் வழி ஒன்றுண்டு. தரவுத்தள இயலைத் திறந்து, பயனர் தட்டெழுதிய சொல்லைக் கட்டளைத் தொடருக்குள் அப்படியே ஒட்டச் சொல்கிறதா என்று பார்க்கிறோம். ஒட்டச் சொன்னால் நூலை வைத்துவிடலாம். ஆங்கில எழுத்தில் குர்ஆன் என்று எழுதுவோர் நடுவே மேற்குறி இடுவது வழக்கம். அந்த ஒற்றைக் குறி, தொடர் முடிந்தது என்று தரவுத்தளத்திற்குப் பொருள்படும், தேடல் முறிந்துபோகும். நல்லவர் கையில் இது பிழை. தீயவர் கையில் திறவுகோல். கட்டளையை முன்னரே ஆயத்தம் செய்து, சொல்லைப் பின்னர்த் தனியே அளிக்கும் முறையைக் கற்பிக்கும் நூலே ஏற்புடையது. கடவுச்சொற்களை எம்.டி.5 முறையால் மறைத்துவைக்கச் சொல்லும் நூலையும் ஒதுக்கலாம்.

வெல்லிங், தாம்சன் இருவரின் நூல் 2001இல் தோன்றிப் பலர்க்கு ஆசானாக விளங்கியது. அதன் 5ஆம் பதிப்பு 2016இல் வந்தது. ஜான் டக்கெட்டின் 2022ஆம் ஆண்டு நூல் வண்ணப் படங்களுடன் 8ஆம் பதிப்பை விளக்குவது. ஆங்கிலத்தில் தயங்குவோர்க்கு அதனையே பாலபாடமாகப் பரிந்துரைப்போம். நிகண்டுக்குப் பொருள் செலவிட வேண்டுவதில்லை. கட்டளை ஒவ்வொன்றும் எப்பதிப்புகளில் உண்டு என்பதைத் தலைப்பிலேயே குறிக்கும் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. பதிவிறக்கி விடுதிக் கணினியில் வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு அற்ற இரவிலும் உதவும்.

தம் பிள்ளைகள் படித்து முடித்த கணினி நூல்களை நிலையான தர்மமாகக் கருதி நூலகத்திற்கு வழங்கும் ஜமாஅத் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சீறாப்புராண உரையோ சொற்பொழிவுத் தொகுப்போ எவ்வளவு பழையதாயினும் இருகரம் நீட்டிப் பெறுவோம். நிரல்மொழி நூலாயின் 2020க்குப் பின் அச்சானவற்றைத் தந்துதவுக. முந்தையவை வந்தால் தனி அலமாரியில், ‘வரலாற்றுக்கு மட்டும்’ என்னும் சீட்டு ஒட்டி வைக்குமாறு நூலகரைக் கேட்டுக்கொண்டுள்ளோம்.