நடுகல்லும் வணிகக் குறியும்

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் 2005-இலும் 2006-இலும் ஆறு புதிய டீசல் எஞ்சின்களுக்குத் தன் வழக்கமான மஞ்சள் நிறத்தைப் பூசவில்லை. மிசௌரி பசிபிக், வெஸ்டர்ன் பசிபிக், சதர்ன் பசிபிக் எனத் தன்னுள் கரைந்துபோன ஆறு நிறுவனங்களின் பழைய வண்ணங்களையும் இலச்சினைகளையும் தழுவிய கோலத்தை அவற்றுக்கு அணிவித்தது. எஞ்சின்களின் எண்கள் 1982, 1983, 1988, 1989, 1995, 1996. இவற்றுள் பெரும்பாலான எண்கள் அந்தந்த நிறுவனம் யூனியன் பசிபிக்கோடு இணைந்த ஆண்டைக் குறிக்கின்றன. 1865-இல் தோன்றிய சதர்ன் பசிபிக்கின் நெடிய வரலாறு 1996 என்னும் எண்ணுக்குள் அடங்கிவிட்டது. நினைவுகூரப்படுவது அது வாழ்ந்த காலமன்று, மறைந்த ஆண்டு.

தமிழ் மரபில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எழுப்புவோர் அவனுடைய ஊராரும் உறவினரும். இங்கே கல் நட்டிருப்பது, அந்த நிறுவனங்களைத் தன்வயப்படுத்திக்கொண்ட நிறுவனம். ஆகவே இந்த மரபுப் பேணல் யாருக்குரியது என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்குச் சட்ட முகமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு வணிகக் குறி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயன்படுத்தப்படாவிடில் அது கைவிடப்பட்டதாகக் கொள்ள முதல்நோக்கிலேயே இடமுண்டு. பழைய இலச்சினையை ஓடும் எஞ்சின் ஒன்று தாங்கி நிற்பின் அவ்வாதம் வலுவிழக்கும். அதுவே நிறுவனத்தின் நோக்கம் என்று தீர்ப்பது நியாயமன்று. ஆயினும் அக்காலச் சூழலை மறந்துவிடவும் இயலாது. மறைந்த நிறுவனங்களின் பெயர்களையும் சின்னங்களையும் பொறித்து மாதிரி ரயில்களைச் செய்வோர் அதற்கு உரிமத் தொகை தரவேண்டும் என யூனியன் பசிபிக் கோரிவந்தது. 2004-இல் வழக்கும் தொடுத்தது. அச்சின்னங்களைப் பல்லாண்டுகளாக வீட்டு மேசைகளின்மீது உயிரோடு வைத்திருந்தவர்கள் மாதிரி ரயில் ஆர்வலர்களே. அவர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2006-இன் இறுதியில் தொகை பெறாமலே உரிமம் வழங்க நிறுவனம் இசைந்தது.

1988 என்னும் எண் தாங்கிய எஞ்சின் இன்னொன்றையும் உணர்த்துகிறது. அது மிசௌரி–கேன்சஸ்–டெக்சஸ் ரயில் நிறுவனத்தின் நினைவாக அமைந்தது. அந்நீண்ட பெயரை மக்கள் 'கே-டி' எனச் சுருக்கினர். நாளடைவில் அது 'கேட்டி' என்னும் பெண்பெயராகவே மாறிற்று. முதலெழுத்துகள் சொல்லாகி, சொல் ஆள்பெயராகிய இம்மாற்றத்தை எந்த இயக்குநர் குழுவும் திட்டமிடவில்லை. பயணிகளும் தொழிலாளரும் வழங்கிய வழக்கு அது. நிறுவனம் மறைந்தபின் மிசௌரியில் அதன் கைவிடப்பட்ட தடத்தின்மீது 380 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைபாதை அமைந்தது. அதன் பெயர் 'கேட்டி டிரெயில்'. இன்று அதில் மிதிவண்டியில் செல்வோருள் பலர் அந்த ரயிலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அதன் செல்லப்பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர்.

நிறுவன ஆவணங்களும் வண்ணமும் இலச்சினையும் பேணத்தக்கவையே. பெருநிறுவனத்தின் பொருள்வளமின்றி அவற்றுட் பல அழிந்தொழியும். ஆனால் பேணுதல் வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு. வணிகக் குறிக்குப் பதிவேட்டில் ஓர் உரிமையாளர் இருக்கலாம். 'கேட்டி' என்னும் செல்லப்பெயரோ அதை வழங்கிய மக்களின் ஆக்கம். நிறுவன மரபை ஆராய்வோர் இலச்சினைகளோடு இத்தகைய பேச்சுவழக்குகளையும் சேர்த்துத் தொகுத்தாலன்றி, வென்றவர் எழுதிய நடுகல் மட்டுமே சான்றாக எஞ்சும்.