செக்கு வாங்கினேன், வரியையும் வாங்கினேன்

திண்டிவனம் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மணிலாவை மூட்டையாக விற்றுக் கட்டுப்படியாகாமல், 2022-ல் மரச்செக்கு போட்டேன். செக்கின் விலை 3 லட்சம். அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 54,000 ரூபாய்.

அந்தத் தொகையைப் பார்த்து மலைத்து நின்றபோது, செக்கு விற்றவர் சொன்னார்: "ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்துடுங்கண்ணே. அந்த 54,000-மும் உங்களுக்கே திரும்பிடும்."

மறுவாரமே நம்பர் எடுத்துவிட்டேன். ஆனால், அந்தப் பணம் கைக்கு வராது, நான் விற்கும் எண்ணெய்க்குக் கட்ட வேண்டிய வரியில்தான் கழியும் என்பது பிறகுதான் புரிந்தது.

சமையல் எண்ணெய்க்கு வரி 5 சதவிகிதம். லிட்டர் 300 ரூபாய்க்கு விற்றதை 315 ஆக்கினேன். பக்கத்து ஊர் செக்கில் அதே 300-தான். வாடிக்கையாளர்கள் அங்கே திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் பழைய விலைக்கே இறங்கி, வரியை என் லாபத்திலிருந்து கட்டினேன். மாதம் ஒரு லட்சம் ரூபாய் விற்பனையில் ஏறக்குறைய 5,000 ரூபாய் வரி. 11 மாதத்தில் அந்த 54,000 தீர்ந்தது. பிறகு மாதாமாதம் கைக்காசு.

கடந்த ஆண்டு, அறுவடை நேரத்தில் கணக்குத் தாக்கல் செய்ய மறந்துவிட்டேன். நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். பயந்துபோய் வேறொரு ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வருஷத்துக்கு எவ்வளவு விற்கிறீங்க?"

"12 லட்சம் இருக்கும் சார்."

"உள்ளூரிலேயே பொருள் விற்கிறவங்களுக்கு நம்ம மாநிலத்துல 40 லட்சம் வரைக்கும் நம்பரே தேவையில்லையே. யார் எடுக்கச் சொன்னது?"

அன்றிரவு என் மனைவியும் நானும் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். மிச்சம் என்று நினைத்த 54,000, நான் கட்டியிருக்கவே வேண்டாத வரிக்குப் போயிருக்கிறது. அதற்கும் மேலே இரண்டு வருடமாகக் கையிலிருந்து கட்டியது ஒரு லட்சத்தைத் தாண்டியது. "இதுல ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாமே" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

நம்பரை ரத்து செய்வதும் சும்மா இல்லை. இயந்திரத்துக்கு 5 வருட ஆயுள் என்று கணக்கிட்டு, மீதமிருந்த 2 வருடத்துக்கான வரிச் சலுகையைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அது 21,600 ரூபாய். கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வரி போடுவது தப்பென்று நான் சொல்லவில்லை. பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ எண்ணெய் அனுப்புகிறவர்களுக்கு நம்பர் கட்டாயம் வேண்டும். பில் கேட்கும் பெரிய கடைகளுக்குக் கொடுப்பவர்களுக்கும் அது பயன்படும். என்னைப் போல ஊருக்குள் விற்பவர்களின் கணக்கு வேறு.

மதிப்புக்கூட்டும் தொழிலில் இறங்கும் நண்பர்கள், இயந்திரம் விற்பவரின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வருட விற்பனை எவ்வளவு வரும்? புண்ணாக்கு விற்பதும் இந்த 40 லட்சக் கணக்கில் சேரும், மறக்க வேண்டாம். வாங்குபவர் யார், பக்கத்துக் கடை என்ன விலைக்கு விற்கிறது? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, விற்பனையில் சம்பந்தமில்லாத ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு, நான் இழந்ததில் ஒரு மாதப் பணம்கூட இருக்காது.

செக்கு இப்போதும் ஓடுகிறது. எண்ணெய் விலையை இப்போது நானேதான் முடிவு செய்கிறேன்.