எல்லைக் கல் நட்டவர் யார்?

மண்டி மொஹல்லா என்னும் பெயரில் இரு சொற்கள் சேர்ந்து வாழ்கின்றன. மண்டி, நம் ஊர்களிலும் வழங்கும் மொத்த வியாபாரச் சொல். மொஹல்லா, உருது வழியே வந்து குடியிருப்புப் பகுதியைக் குறிப்பது. மைசூரின் இப்பழம் பகுதியில் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். விடியற்காலையில் அக்பர் ரோடுப் பக்கம் சென்றால், சுமை இறக்குவோரிடையே ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர் சிலரையும் காணலாம். “எதற்கப்பா இந்த வீண் ஓட்டம்?” என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அக்கேள்விக்கு விடை கூற முயல்கிறேன்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குத் தூரம் என்றால் இருப்புப்பாதைக் கணக்குத்தான். மைசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 138 கிலோமீட்டர். 2022 ஜூலையில் அதே பெங்களூரின் கண்டீரவ மைதானத்தில் ஆசிய–ஓசியானிய 24 மணி நேர ஓட்டப் போட்டி நடந்தது. நம் நாட்டு அமர் சிங் தேவந்தா 257 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முதலிடம் பெற்றார். இந்திய ஆடவர் குழுவும் தங்கம் வென்றது. 2024 ஏப்ரலில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், அவரே 272 கிலோமீட்டரைக் கடந்தார். மைசூரிலிருந்து பெங்களூர் சென்று திரும்பும் தூரத்திற்கு அது சிறிதே குறைவு!

உலகக் கணக்கையும் பார்ப்போம். 1997-இல் கிரேக்க நாட்டு யானிஸ் கூரோஸ் ஒரே நாளில் 303 கிலோமீட்டர் ஓடினார். 24 ஆண்டுகள் அதனை முறியடிப்பாரில்லை. 2021-இல் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் 309 கிலோமீட்டரும், மறு ஆண்டிலேயே 319 கிலோமீட்டரும் ஓடினார். ஓராண்டில் மனித உடலின் அமைப்பு மாறிவிடுமா? பயிற்சியும் உணவும் காலணியும் திருந்தின. அவற்றோடு, முடியும் என்ற எண்ணமும் வலுப்பெற்றது.

ஆயினும் எல்லையே இல்லை என்பது பேதைமை. 2021 மே மாதம் சீனத்தின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில், திடீர்க் கடுங்குளிரால் 21 பேர் மாண்டனர். இயற்கை இடும் எல்லை வேறு. மனிதர் வழக்கத்தால் இடும் எல்லை வேறு.

பின்னதற்குப் பெண்களின் வரலாறே சான்று. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். அவர்கள் உடல் தாங்காது என்று சொல்லி, 1960 வரை அவ்வோட்டமே நீக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984-இல்தான். 2024 மார்ச்சில், இரு குழந்தைகளின் தாயான ஜாஸ்மின் பாரிஸ், அமெரிக்காவின் கடுமையான பார்க்லி மலையோட்டத்தை 60 மணி நேரக் கெடு முடிய 99 விநாடி இருக்கையில் முடித்தார். பெண்ணொருவர் அதனை முடித்தது அதுவே முதன்முறை.

அன்பர்களே, பிழைப்பு நாடி வந்த நம் குடும்பங்களில், “நமக்கு இவ்வளவுதான்” என்ற சொல் எளிதில் எழுகிறது. அதுவும் பெண் மக்களின் மேற்படிப்பைப் பேசும்போது விரைந்து எழுகிறது. நான் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன். வீட்டுநிலை அன்று அவ்வளவே இடந்தந்தது. அதனையே என் மகளுக்கும் அளவாக வைக்க எனக்கு உரிமை ஏது? குழந்தைகளின் உடல்நலத்தையும் விருப்பத்தையும் கேட்டறிவோம். அதற்கு முன்னரே எல்லைக் கல்லை நட்டுவிடாதிருப்போம்.